மூக்கைப் பொத்தாதீர்கள்

இந்த வாரக் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: கழிவறை வாடை. வீடு, அடுக்குமாடி, ரயில், படகு என்று இடம்தான் வேறு வேறு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடுவோம்.

*

கேள்வி: என் மகன் லங்காவியில் பாய்மரப் படகுகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறான். ஒரு படகின் கழிவறையை எவ்வளவு கழுவினாலும் அழுகிய முட்டை வாடை போகவில்லையாம். முதலாளி தினமும் கேட்கிறாராம். வீட்டில் ஊற்றுவதுபோல பினாயிலை ஊற்றச் சொல்லட்டுமா?
— ஒரு தாய், ஊரப்பாக்கம்

பதில்: வேண்டாம் அம்மா. "அழுகிய முட்டை" என்று எழுதினீர்களே, அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு. பெரும்பாலான பாய்மரப் படகுகளில் கழிவறையைக் கழுவ வருவது கடல்நீர். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட் உண்டு. கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகளும் கூடவே வரும். படகு நாலு நாள் சும்மா நின்றால், குழாயில் தேங்கிய நீரில் அவை செத்து அழுகும். காற்று புகாத இடத்தில் வாழும் பாக்டீரியா அந்தச் சல்பேட்டைப் பிடித்துச் சல்ஃபைடாக மாற்றிவிடும். கழிவே இல்லாத, வெறும் கடல்நீர் நின்ற குழாய்கூட இப்படி நாறும். இதை அறியாமல்தான் பலர் பீங்கானைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

மகனிடம் முதலில் இதைக் கேளுங்கள்: வாடை, பம்பை முதல் நாலு தடவை அடிக்கும்போது குப்பென்று வந்து அடங்கிவிடுகிறதா, நாள் முழுக்க இருக்கிறதா?

வந்து அடங்குகிறது என்றால் குற்றவாளி உள்ளே வரும் குழாய். கடல்நீர் வால்வை மூடி, உறிஞ்சு குழாயைக் கழற்றி, ஒரு வாளி நல்ல தண்ணீரில் விட்டு, வாளி காலியாகும் வரை பம்பை அடிக்கட்டும். படகை விட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்தால் அடுத்த முறை வரவேற்பு நன்றாக இருக்கும். ஒன்றே ஒன்று: அடிக்கடி வாளி தூக்கச் சோம்பல்பட்டு, குடிநீர்த் தொட்டியிலிருந்து நேராகக் கழிவறைக்கு ஒரு குழாய் இழுத்துவிட வேண்டாம். என்றைக்காவது ஒருநாள் கழிவறை நீர் குடிநீருக்குள் திரும்பி வரும்.

நாள் முழுக்க வாடை என்றால், வெளியே போகும் குழாயைப் பார்க்க வேண்டும். இதற்கு நல்ல சோதனை ஒன்று உண்டு. சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, குழாயின் ஒரு பகுதியைச் சுற்றி வைக்கட்டும். ஆறியதும் துணியை எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போய், காற்றோட்டத்தில் நின்று முகர்ந்து பார்க்கட்டும். துணி நாறினால் குழாயின் சுவர் வழியாகவே வாயு கசிகிறது. அந்தக் குழாயை எதனாலும் கழுவிச் சரிசெய்ய முடியாது. மாற்றித்தான் ஆக வேண்டும். கழிவுக்கென்றே செய்த தடித்த குழாயை வாங்கி, எங்கும் தொய்யாமல் இழுக்க வேண்டும். தொய்ந்த இடத்தில் கழிவு தேங்கும், தேங்கிய இடம் முதலில் கெடும்.

துணி நாறவில்லையா? பம்புக்குப் பின்னால் வாத்தின் அலகுபோல ஒரு ரப்பர் வால்வு இருக்கும். போனது திரும்பி வராமல் அது வாயை மூடிக்கொள்ள வேண்டும். உப்பும் சிறுநீரும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்தால் அதன் வாய் மூடாது. வெளியே தள்ளிய நீர் மெதுவாகக் கிண்ணத்துக்குள் ஊறி வரும். விலை குறைந்த பாகம். வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடலாம். சுண்ணாம்பு படியாமலிருக்க வாரம் ஒருமுறை ஒரு டம்ளர் வினிகரை ஊற்றி, குழாயில் நிற்கும்படி இரண்டு தடவை மட்டும் அடித்து, இரவு முழுக்க விட்டுவிடலாம். பம்பு இறுகினால் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் போதும். பினாயில், பிளீச்சிங் கரைசல் எல்லாம் ரப்பரைக் கெடுக்கும். கழிவுத் தொட்டியில் வேலை செய்யும் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும்.

இத்தனையும் சரியாக இருந்தும் வாடை வந்தால் கழிவறையை விட்டுவிட்டுப் படகின் அடிவயிற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். குளித்த நீர் சேரும் பள்ளத்தில் முடியும் சோப்பும் அழுகி நிற்கும். கழிவறை மேல் வீண்பழி போட்ட படகுகள் ஏராளம்.

*

கேள்வி: படகுக் கழிவுத் தொட்டிக்கு எதற்குக் காற்று? நன்றாக மூடி வைத்தால் வாடை வெளியே வராதே?
— மாணவர், வண்டலூர்

பதில்: வராதுதான், திறக்கும் வரை. காற்று கிடைத்தால் ஒருவகை பாக்டீரியா கழிவைத் தின்று பெரும்பாலும் கரியமில வாயுவை விடும். அதற்கு வாடை கிடையாது. காற்று கிடைக்காவிட்டால் இன்னொரு வகை வேலைக்கு வரும். அது சல்ஃபைடை விடும். யார் வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது தொட்டியின் காற்றுக்குழாய். பல படகுகளில் அது விரல் தடிமன்கூட இல்லாமல், நீளமாக வளைந்து, வெளிமுனையில் உப்புப் பூத்து அடைத்திருக்கும். அகலமான குழாயாக, நேராக, முடிந்தால் எதிரெதிரே இரண்டாகப் போட்டால் ஒன்றில் நுழைந்த காற்று மற்றொன்றில் போகும். தொட்டி தானாக அமைதியாகிவிடும்.

*

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டி இருக்கிறது. கரண்ட் பில்லைக் குறைக்க அசோசியேஷன் இரவில் அதற்குக் காற்று செலுத்தும் ப்ளோயரை நிறுத்துகிறது. விடியற்காலையில் தரைத்தள வீடுகளில் உட்கார முடியவில்லை. கேட்டால் "எல்லா ஃப்ளாட்டிலும் இப்படித்தான்" என்கிறார் செயலாளர்.
— தரைத்தளத்துக்காரர், நெடுங்குன்றம் சாலை

பதில்: மேலே மாணவருக்குச் சொன்ன பதிலை அப்படியே செயலாளரிடம் காட்டுங்கள். உங்கள் ஏரேஷன் தொட்டியில் இருப்பவை காற்றைச் சுவாசிக்கும் உயிர்கள். இரவு பத்து மணிக்கு அவற்றின் மூச்சை நிறுத்திவிட்டு, காலை ஆறு மணிக்குத் திரும்பக் கொடுத்தால் அவை தளர்ந்துபோயிருக்கும். மறுபடி பழைய நிலைக்கு வர நேரமாகும். அதற்குள் மறுபடி இரவு வந்துவிடும். மிச்சமான மின்கட்டணத்தைவிட, பிறகு வண்டி வைத்து இறைப்பதற்கும் புதிய கசடு கொண்டுவந்து கொட்டுவதற்கும் கூடுதலாகவே செலவாகும்.

வாய்ச்சண்டை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியுடன் போங்கள். ப்ளோயர் ஓடும்போது ஏரேஷன் தொட்டியிலிருந்து ஒரு ஜாடி எடுத்து மேசைமேல் வைத்து, 30 நிமிடம் ஆட்டாமல் விடுங்கள். தொட்டி நலமாக இருந்தால் நீர் பழுப்பாக, மழைபெய்த மண்ணின் வாசனையோடு இருக்கும். கசடு கீழே ஒழுங்காகப் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். கறுத்து, நாறி, மேலும் கீழும் பிரியாமல் கலங்கியே நின்றால் மேற்கொண்டு நீங்கள் பேசவே தேவையில்லை. தரைத்தளத்துக்காரர் மட்டும் முகர்ந்ததை அன்றைக்கு எல்லா மாடிக்காரர்களும் முகர்வார்கள்.

செலவைக் குறைக்க வழியே இல்லையா என்றால், உண்டு. இரண்டு ப்ளோயர் இருந்தால் மாற்றி மாற்றி ஓட்டலாம். குறுகிய இடைவெளி விட்டு ஓடும்படி டைமர் வைக்கலாம். எட்டு மணிநேரம் ஒரேயடியாக நிறுத்துவது மட்டும் கூடாது.

*

கேள்வி: ஆறு மாதம் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்தோம். கதவைத் திறந்ததும் சாக்கடை வாடை. பைப் எதுவும் உடையவில்லை.
— ஓய்வுபெற்ற தம்பதி, கூடுவாஞ்சேரி

பதில்: ஒவ்வொரு குளியலறைத் தரை டிராப்பிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். கழிவறைக் கோப்பைக்கும் தரை டிராப்புக்கும் கீழே குழாய் வளைந்து, அதில் கொஞ்சம் நீர் எப்போதும் நிற்கும். வீட்டுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே இருக்கும் ஒரே கதவு அந்தத் தண்ணீர். 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக் கடிகாரக்காரர் காப்புரிமை வாங்கிய வளைவு அது; இன்றுவரை அதைவிட நல்ல யோசனை யாருக்கும் வரவில்லை. சென்னை வெயிலில் ஆள் புழங்காத வீட்டில் அந்த நீர் ஆவியாகிக் கதவு திறந்துவிடுகிறது.

அடுத்த முறை கிளம்பும்போது எல்லா டிராப்பிலும் நீர் ஊற்றி, மேலே ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய்ப் படலம் ஆவியாவதைத் தடுக்கும். எதிர்வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போகிறீர்கள் என்றால் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லும்போது இதையும் சொல்லுங்கள்.

*

கேள்வி: எங்கள் வீட்டில் டிராப் எல்லாம் சரி. டேங்க் போன வருடம்தான் காலி செய்தோம். ஆனாலும் மாலை வேளையில் சமையலறைவரை வாடை. ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே, கற்பூரம், எல்லாம் பார்த்தாயிற்று.
— இல்லத்தரசி, காரணைப்புதுச்சேரி

பதில்: மொட்டைமாடிக்குப் போய் வென்ட் பைப்பின் தலையைப் பாருங்கள். அதில் கொசுவலை கட்டியிருக்கிறதா? கட்டியிருந்தால் நல்லது, செப்டிக் டேங்க்கில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு வெளியேறும் வாசல் அதுதான். ஆனால் அந்த வலை எப்போது கட்டியது? இரண்டு மூன்று வருடத்தில் தூசியும் ஒட்டடையும் சேர்ந்து வலை துணியாகிவிடும். மேலே போக வழியில்லாத வாயு, கீழே எந்த டிராப் இளைத்திருக்கிறதோ அதைத் தேடிக் குமிழ்விட்டு வரும். வலையை அவிழ்த்துவிட்டுப் புதியது கட்டுங்கள். வாடை அடங்குவதை அன்று மாலையே உணர்வீர்கள்.

அதுவும் சரியாக இருந்தால் பைப்பின் உயரத்தைப் பாருங்கள். பக்கத்து வீடு மாடி எழுப்பியபின் உங்கள் பைப் அவர்கள் சன்னலுக்கு நேராக, அல்லது அவர்கள் பைப் உங்கள் சமையலறைக்கு நேராக வந்திருக்கும். நாலடி பைப் ஒன்று வாங்கி மாட்டினால் இரண்டு குடும்பத்துக்கும் நிம்மதி. ரூம் ஸ்பிரேயை நிறுத்துங்கள். வாடை எந்த நேரத்தில், எந்த மூலையில் தொடங்குகிறது என்று உங்களுக்குச் சொல்லக்கூடிய ஒரே கருவி மூக்கு. அதை மல்லிகை வாசத்தில் மயக்கிவிட்டால் யாரிடம் கேட்பீர்கள்?

*

கேள்வி: மழைக்காலத்தில் மட்டும் கழிவறை "பொள பொள" என்று குமிழ்விட்டு நாறுகிறதே?
— வாசகர், முடிச்சூர்

பதில்: ஆதனூர் ஏரியின் உபரி நீர் அடையாற்றுக்குப் போகும் வழியில் இருப்பவர் நீங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்டதை யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிலத்தடி நீர் மேலேறும்போது உறிஞ்சு குழி எதையும் உறிஞ்சாது. டேங்க் நிரம்பி, உள்ளிருந்த காற்று பின்வழியாக வரும். குமிழ், அடுத்து வரப்போகும் தண்ணீருக்கு முன்னறிவிப்பு.

படகுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த ஆபத்து. படகின் கழிவறை பல சமயம் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும். குழாயில் ஒருமுறை நீர் தானாக இழுக்கத் தொடங்கிவிட்டால் கடலே உள்ளே வரும்; கழிவறை வழியாக மூழ்கிய படகுகள் உண்டு. அதனால் குழாயைக் கடல்மட்டத்துக்கு மேலே உயர்த்தி வளைத்து, அந்த வளைவின் உச்சியில் காற்று புகும் சிறு வால்வு வைக்கிறார்கள். உறங்கப்போகும் முன் கடல்நீர் வால்வை மூடுகிறார்கள். நீங்களும் டேங்க்குக்குப் போகும் குழாயில் நீர் திரும்பி வராமல் தடுக்கும் ஒரு வால்வு போடச் சொல்லுங்கள். கீழ்வீட்டுக் கழிவறையை இடித்துக் கட்டும் எண்ணம் இருந்தால் மேடையை உயர்த்திவிடுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. வெள்ளம் சூழ்ந்து நிற்கும்போது அவசரப்பட்டு டேங்க்கை முழுதாகக் காலி செய்யாதீர்கள். இப்போது பலர் புதைக்கும் ஃபைபர் டேங்க், உள்ளே ஒன்றும் இல்லாமல் சுற்றிலும் தண்ணீர் நின்றால் மண்ணைக் கிழித்துக்கொண்டு மிதந்து எழும்பும். நீர் வடியட்டும். வடிந்தபின் கிணற்றுநீரையும் போர் நீரையும் சோதித்துப் பார்க்கும் வரை கொதிக்க வைத்தே குடியுங்கள்.

*

கேள்வி: ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்துப் போட்டால் கழிவறை பளிச்சென்று ஆகிறதாமே?
— ஹாஸ்டல் வார்டன், பொத்தேரி

பதில்: ஆகும். கூடவே குளோரின் வாயுவும் வரும். சன்னல் இல்லாத கழிவறையில் அதைச் செய்பவர் மருத்துவமனைக்குப் போவார். உங்கள் துப்புரவுப் பணியாளர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்க வேண்டாம்.

*

கேள்வி: கழிவறையால் ஒரு நீர்மூழ்கிக் கப்பலே மூழ்கியது என்று எங்கோ படித்தேன். கட்டுக்கதையா?
— பள்ளி ஆசிரியர், பெருங்களத்தூர்

பதில்: நடந்தது. ஜெர்மனியின் யு-1206. ஆழத்திலும் பயன்படுத்தும்படி உயர் அழுத்தக் கழிவறை வைத்த கப்பல். 1945 ஏப்ரல் 14 அன்று ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் அருகே, கழிவறை வால்வுகளில் ஏற்பட்ட கோளாறால் கடல்நீர் உள்ளே பாய்ந்தது. அது கீழே இருந்த பேட்டரிகளைத் தொட்டதும் குளோரின் கிளம்பியது. மேலே வார்டனுக்குச் சொன்ன அதே வாயு. மூச்சுவிட முடியாமல் கப்பல் மேலே வர, எதிரி விமானம் கண்டுகொண்டது. கேப்டன் கார்ல்-அடால்ஃப் ஷ்லிட் கப்பலைக் கைவிட உத்தரவிட்டார். நாலு பேர் இறந்தார்கள். இன்றும் படகில் ஏறும் புதியவருக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது எந்த வால்வை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதைத்தான்.

*

கேள்வி: முன்பெல்லாம் ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்குக் காத்திருக்கும்போது வெளியூர் ரயில் கடந்துபோனால் மூக்கைப் பிடிப்போம். இப்போது தண்டவாளம் சுத்தமாக இருக்கிறது. எப்படி?
— தினசரிப் பயணி, ஊரப்பாக்கம்

பதில்: பெட்டிக்கு அடியில் தொங்கும் தொட்டியைக் கவனித்திருப்பீர்கள். பயோ டாய்லெட். குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம் பனிமலைகளில் இருக்கும் ராணுவ வீரர்களுக்காக வளர்த்த பாக்டீரியாவை ரயில்வே எடுத்துக்கொண்டது. 2011 ஜனவரியில் குவாலியர்–வாரணாசி புந்தேல்கண்ட் எக்ஸ்பிரஸில் முதலில் வைத்தார்கள். தண்டவாளத்தில் கழிவே விழாத நாட்டின் முதல் தடம் நம் ஊரில்தான்: மானாமதுரை–ராமேஸ்வரம், 114 கிலோமீட்டர், 2016 ஜூலை. பாம்பன் கடலுக்கு மேல் போகும் தடத்தில் அது தொடங்கியதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

தண்டவாளத்தில் வேலைபார்க்கும் கேங்மேன்களுக்கு இது பெரிய விடுதலை. பல்லாண்டு அவர்கள் தலைமேலும் கைமேலும் விழுந்தது நின்றிருக்கிறது. அதே சமயம் 2017இல் ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வு ஒன்று, இந்தத் தொட்டிகளிலிருந்து வெளிவரும் நீர் சாதாரண செப்டிக் டேங்க் நீரைவிட மேலானதாக இல்லை என்று காட்டியது. தொட்டி வைத்தால் போதாது, பராமரிக்க வேண்டும். அதில் நம் பங்கும் உண்டு. தண்ணீர் பாட்டில், குட்கா கவர், நாப்கின், குழந்தையின் டயப்பர் என்று கைக்கு வந்ததைத் தள்ளினால் அடைத்துக்கொள்ளும். கையைவிட்டு எடுக்க ஒரு மனிதர் வர வேண்டியிருக்கும். வயிற்றுக்குள் போய் வராத எதையும் உள்ளே போடாதே என்று மாலுமிகள் படகுக் கழிவறைக் கதவில் எழுதி ஒட்டுவார்கள். ரயில் பெட்டியிலும் ஒட்டலாம்.

நீங்கள் ஏறும் மின்சார ரயிலில் கழிவறையே கிடையாது. செங்கல்பட்டிலிருந்து கடற்கரைவரை போகும் சர்க்கரை நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் ஸ்டேஷன் கழிவறைதான் கதி. அது பூட்டியிருந்தால் ஸ்டேஷன் மாஸ்டரின் புகார்ப் புத்தகத்தில் எழுதுங்கள். பார்த்துவிட்டுப் போகாதீர்கள்.

*

கேள்வி: வந்தே பாரத் கழிவறையில் ஏன் "புஸ்ஸ்" என்று அவ்வளவு சத்தம்?
— எட்டாம் வகுப்பு மாணவி, கிளாம்பாக்கம்

பதில்: விமானத்தில் வருவதும் இதே சத்தம்தான். குழாயில் காற்றழுத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள். பொத்தானை அமுக்கியதும் வால்வு திறந்து, வெளிக்காற்று கழிவைத் தள்ளிக்கொண்டு ஓடும். தண்ணீர் மிகக் கொஞ்சம் போதும். பெரிய படகுகள் சிலவற்றிலும் இதே முறை உண்டு. பயப்படாதே, உன்னை இழுக்காது.

*

கேள்வி: கடல் எவ்வளவு பெரியது! படகுக் கழிவை அதில் விட்டால் என்ன ஆகிவிடும்?
— கல்லூரி மாணவர், கேளம்பாக்கம் சாலை

பதில்: கடலுக்குள் எங்கே விடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. மார்போல் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் நாலாம் இணைப்பு இதற்காகவே இருக்கிறது. 2003 முதல் நடைமுறையில் உள்ளது. சுத்திகரிக்காத கழிவைத் தேக்கி வைத்து, கரையிலிருந்து 12 கடல்மைலுக்கு, அதாவது 22 கிலோமீட்டருக்கு அப்பால், கப்பல் குறைந்தது 4 நாட் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும். 400 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கும், 15 பேருக்கு மேல் ஏற்றும் கப்பல்களுக்கும் இந்த விதி. சின்னப் பாய்மரப் படகை அது கட்டுப்படுத்தாவிட்டாலும் நல்ல மாலுமி அதையே பின்பற்றுவார். துறைமுகத்துக்குள்ளும் கழிமுகத்துக்குள்ளும் கழிவுத் தொட்டி வால்வைப் பூட்டியே வைப்பார்.

உங்கள் சாலைக்குக் கொஞ்ச தூரத்திலேயே முட்டுக்காடு இருக்கிறது. அங்கே துடுப்புப் போடும் பிள்ளைகள் கைநனைக்கும் நீர் அது. பக்கத்துக் கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. நீரின் தூய்மை அதற்கு ஒரு நிபந்தனை. அந்தக் கரையில் ஒரு படகு வால்வைத் திறப்பதும், இரவில் ஒரு கழிவுநீர் லாரி ஏரிக்கரையில் குழாயைத் திறந்துவிட்டுப் போவதும் எனக்கு ஒரே குற்றம்தான்.

*

கேள்வி: மகள் பாய்மரப் படகோட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். "படகில் பொம்பளைப் பிள்ளைக்குக் கழிவறைக்கு என்ன வழி?" என்று என் மாமியார் தடுக்கிறார்.
— தாய், தாம்பரம் மேற்கு

பதில்: பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி. அதைக் கேட்கக்கூட வெட்கப்பட்டுப் பிள்ளைகளை நிறுத்திவிடும் வீடுகளே அதிகம். துறைமுகத்துக்குள் பயிற்சி எடுக்கும் சிறு படகுகளில் கழிவறை இருக்காது. ஓரிரு மணிநேரத்தில் கரைக்குத் திரும்பிவிடுவார்கள். கரையில் சுத்தமான, தாழ்ப்பாள் உள்ள கழிவறை இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள். நெடும்பயணப் படகில் அதற்கென்று தனி அறை உண்டு. படகு சாய்ந்தாடுவதால் ஆணும் பெண்ணும் உட்கார்ந்துதான் போக வேண்டும். அங்கே அதுதான் சட்டம்.

மாமியாரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். கடற்படையின் ஐ.என்.எஸ்.வி. தாரிணி என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து இரண்டு பெண்கள் மட்டும் கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று கோவாவுக்கே திரும்பினார்கள். ஒருவர் கேரளத்தின் தில்னா. மற்றவர் நம் பக்கத்துப் புதுச்சேரிப் பெண், ரூபா.

*

கேள்வி: செப்டிக் டேங்க்கில் வெல்லம், ஈஸ்ட், சாணம் போட்டால் நல்லதா?
— வாசகர், ஊரப்பாக்கம்

பதில்: தேவையில்லை. வேண்டிய பாக்டீரியா தினமும் உங்கள் வீட்டிலிருந்தே போகிறது. அவற்றை ஆசிட் ஊற்றிக் கொல்லாமல் இருந்தால் போதும்.

*

கேள்வி: டேங்க் அடைத்துக்கொண்டது. வண்டிக்காரர், "அடியில் கெட்டியாக இருக்கிறது, ஒரு ஆள் இறங்கி வாரிப்போட்டால் சுத்தமாகிவிடும், ஐந்நூறு ரூபாய் சேர்த்துக் கொடுங்க" என்கிறார். இறக்கலாமா?
— வீட்டு உரிமையாளர், மண்ணிவாக்கம்

பதில்: இறக்காதீர்கள். ஐந்நூறு இல்லை, ஐயாயிரம் என்றாலும், அவரே கெஞ்சினாலும், இறக்காதீர்கள்.

இந்தப் பக்கம் முழுக்க நாம் பேசிய அதே அழுகிய முட்டை வாயு அந்த டேங்க்குக்குள் இருக்கிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் நூறு பங்கைத் தொட்டதும் மூக்கு மரத்துப்போகும். இறங்கியவருக்கு "வாடை குறைந்துவிட்டது" என்று தோன்றும். அந்தக் கணம்தான் சாவு அருகில் வந்த கணம். ஐந்நூறு பங்குக்கு மேல் போனால் சில மூச்சில் நினைவு தப்பும். இது காற்றைவிடக் கனம், அடியில் தங்கும். கழியால் கசடைக் கிளறியதும் அடைபட்டிருந்தது மொத்தமாகக் கிளம்பும். மேலே நிற்பவர் கூட்டாளி விழுந்ததைப் பார்த்துக் காப்பாற்ற இறங்குவார், அவரும் விழுவார். பத்திரிகையில் எப்போதும் இரண்டு பேர், மூன்று பேர் என்று செய்தி வருவது இதனால்தான்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்புச் சாதனமும் முன்னேற்பாடும் இல்லாமல் யாரையும் செப்டிக் டேங்க்கில் இறக்கக் கூடாது. நேரடியாக இறக்கினாலும், வண்டிக்காரர் மூலம் இறக்கினாலும் குற்றம். வீட்டு உரிமையாளருக்கும் விலக்கு இல்லை. முதல்முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். உயிர் போனால் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர வேண்டும் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. இத்தனைக்குப் பிறகும் ஆள் இறங்குகிறார். இறங்குபவர் யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

கெட்டியாக இருக்கிறதா? தண்ணீரைப் பீய்ச்சி இளக்கி, மறுபடி உறிஞ்சலாம். அந்த வண்டியில் வசதி இல்லை என்றால் வேறு வண்டி கூப்பிடுங்கள். நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் 14420 என்ற எண்ணில் கேட்கலாம். டேங்க் சலவைக்கல்போலப் பளபளக்க வேண்டிய அவசியம் இல்லை. அடியில் கொஞ்சம் கசடு இருந்தால்தான் அடுத்த நாளே பாக்டீரியா வேலையைத் தொடங்கும்.

இனி கெட்டியாகும்வரை விடாதீர்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இறைத்துவிடுங்கள். வண்டி வந்ததும் மூன்று விஷயம் பாருங்கள்: உரிமம் இருக்கிறதா, உறிஞ்சும் குழாய் ஒழுகுகிறதா, இங்கிருந்து எங்கே கொண்டுபோகிறார். பெருங்குடி போன்ற சுத்திகரிப்பு நிலையத்தின் பெயரைச் சொன்னால் சரி. "பக்கத்துலதான் சார்" என்றால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். மூடியைத் திறந்து கால்மணி நேரம் யாரும் எட்டிப்பார்க்க வேண்டாம், பீடி பற்றவைக்கவும் வேண்டாம். உள்ளே மீத்தேனும் இருக்கும். வேலை முடிந்ததும் சிலாப்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அழுகிய முட்டை வாயு சிமெண்டையும் அரிக்கும், கம்பியையும் தின்னும். கம்பி துருப்பிடித்து வெளியே தெரிந்தால் அன்றைக்கே புதிய சிலாப் போடுங்கள். பிள்ளைகள் அதன்மேல்தான் ஏறி விளையாடுவார்கள்.